துரை போட்ட குழாய்

ஐப்பசி அடைமழையில் சங்கரசுப்புவின் படுக்கையறைத் தரை கசிய ஆரம்பித்தது. காலை வைத்தால் சளக் என்கிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம், மூலையில் விரல் நுழைகிற வெடிப்பு. வேறு ஆளாக இருந்தால் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருப்பான். இந்த மனுசருக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். ஏன் என்கிறீர்களா? அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் வடியக் குழாய் போட்டவன் அவருடைய மகன் ராஜதுரை. போட்டவன்தானே வந்து பார்க்கணும்?

வீடு கட்டும்போது துரை இன்ஜினியரிங் முடித்த சூட்டில் இருந்தான். "கரிசல் மண்ணுப்பா, தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும்" என்று வீட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, மேலே ஜல்லியைக் கொட்டி, தண்ணீரைப் பின்பக்க ஓடைக்குத் திருப்பினான். தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுச் சுவரெல்லாம் வெடித்தது, இந்த வீடு நின்றது. அப்புறம் அவன் பெங்களூர் போனான். அம்மா முத்துமாரி செத்ததற்கு வந்தான். அதோடு சரி. தீபாவளிக்கு லீவு இல்லை என்பான், சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அடுத்த வருஷம் என்பான். ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, "உள்ள போ, உள்ள போ" என்று ஊரையே விரட்டிய தொண்டை சங்கரசுப்புவுக்கு. இப்போது பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு முடிந்தது.

போனில் கசிவைச் சொன்னார். "ஆளக் கூப்பிட்டுத் தோண்டிப் பாருங்கப்பா. பெருசா இருந்தா சொல்லுங்க, நானே வாரேன்" என்றான் துரை. சங்கரசுப்பு அந்த 'பெருசா'வைப் பிடித்துக்கொண்டார்.

மழை சற்று விட்ட ஒரு மத்தியானம் கொத்தனார் மைதீன் பாட்சா வந்து சுவரோரமாகத் தோண்டினார். குழாய் அகப்பட்டது. உள்ளே களியாகக் கரிசல் மண் அடைத்துக் கிடந்தது.

"இவ்வளவுதான் அண்ணாச்சி. இந்தத் துண்டை மட்டும் மாத்திட்டா தண்ணி பிச்சுக்கிட்டுப் போயிரும்."

சங்கரசுப்புவுக்கு முகம் செத்துவிட்டது. "அவசரப்படாதேயும்வே. இன்னும் தோண்டும். பெரிய கோளாறா இருக்கும், நல்லாப் பாரும்!"

நோய் பெரிதாக இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் மல்லுக்கு நிற்கிற ஆளை எங்கேயாவது கண்டதுண்டா? மைதீன் பாட்சா முணுமுணுத்துக்கொண்டே படுக்கையறை மூலை வரைக்கும் தோண்டினார். அதற்குள் பொழுது மசங்கிவிட, சங்கரசுப்பு உள்ளே போய் விளக்கை ஏற்றினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, அந்த நேரத்தில்தான் வெளியே சத்தம்.

"யா அல்லாஹ்! பாம்பு அண்ணாச்சி, பாம்பு!"

ஓடி வந்து பார்த்தார். உடைந்த குழாய் மூட்டில் படம் எடுத்து நின்றது. ஒரு கணம்தான். தலையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் போய்விட்டது.

"விளக்கு வச்ச நேரத்துல பேரைச் சொல்லாதேயும்வே. நல்லதுன்னு சொல்லும்" என்று அதட்டினார். நாகத்தைக் கும்பிட்டுப் புற்றுமண்ணை நெற்றியில் பூசுகிற சங்கரன்கோவில்காரர் வேறு எப்படிச் சொல்லுவார்? இரண்டு அடி பின்வாங்கினார். ஆனால் மனசு குதித்தது. இதைவிடப் பெரிதாக இன்னும் என்ன வேண்டும்? இதைக் கேட்டபிறகும் வராமல் இருப்பானா பிள்ளை?

போனை எடுத்தார்.

"சொல்லுங்கப்பா, டிராஃபிக்ல இருக்கேன்."

"ஏலே துரை, தோண்டுனோம்லே. மூலையில நல்லது வந்துட்டு."

"நல்லா வந்துட்டா? சூப்பர்ப்பா!"

"நல்லா இல்லலே, நல்லது! நல்லது வந்திருக்கு!"

"சந்தோஷம்ப்பா. பெருசா ஒண்ணும் இருக்காதுன்னுதான் நானும் நெனச்சேன். அப்ப நான் வர வேண்டியதில்ல. உடம்பப் பாத்துக்கோங்க, வச்சிருதேன்."

சின்ன வயதில் வயற்காட்டு வரப்பில் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நல்லதுப்பா, நல்லது!" என்று அலறிய பயல்தான் இவன். ரோட்டுச் சத்தத்தில் கேட்கவில்லையோ, அந்த வார்த்தையே மறந்துவிட்டதோ, யார் கண்டது? மறுபடி கூப்பிட்டு, பேரை உடைத்துச் சொன்னால் போதும், பதறி அடித்து வருவான். விரல் பட்டன் வரைக்கும் போனது. அப்பன் தனியாக இருக்கிறான் என்று வராதவன், பாம்பு இருக்கிறது என்று வந்தால் அது யாரைப் பார்க்க வந்தது? போனைச் சட்டைப் பையில் போட்டார்.

மைதீன் பாட்சா குழாய் வாயில் சாக்கைத் திணித்துவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "தம்பி என்ன சொல்லுதாவ அண்ணாச்சி? வாராவளா?"

"பின்னே? ராத்திரி பஸ்ஸுக்கே ஏறுதானாம்."

"அல்ஹம்துலில்லாஹ். இல்லேன்னா உங்கள எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். காலையில தீயணைப்பு ஆபீசுல சொல்லி ஆளோட வாரேன்."

"சரிவே. பாத்துப் போவும்."

சைக்கிள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் வாசலில் நின்றார். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஈரத் தரையில் கால் படாமல் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் கத்தினார்.

"பாம்புலே துரை! பாம்பு! எனக்குப் பயமா இருக்குலே!"