பாடுகிறவளின் முகம்

"இன்னும் கொஞ்சம் போடு, லெனிர். குழி தெரியுது" என்றார் தோனா ஒடெட்டே.

ஜுசாராவின் கன்னத்தில் நான் அப்போது மூன்றாவது பூச்சைத் தடவிக்கொண்டிருந்தேன். நிறத்தை மூடலாம், குழியை மூட முடியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால், பூச்சு தடிக்கத் தடிக்கக் குழி ஆழமாகத்தான் தெரியும். காலையிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழவில்லை. புனித வாரத்துப் புதன்கிழமை அது. என் அழகு நிலையத்துக்கு எதிரே வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஊதாத் துணி தொங்கியது. எதிர்வீட்டுக்காரி படிக்கட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜுசாரா ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை பார்ப்பவள். சிறு வயதில் முகம் முழுக்கப் பரு. பரு போனதும் குழிகள் தங்கிவிட்டன. எலுமிச்சை தேய்த்தால் தழும்பு வெளுக்கும் என்று யாரோ சொல்ல, அவள் அதைப் பிழிந்து பூசிக்கொண்டு காப்பித் தோட்டத்து வெயிலில் நாள் முழுக்கப் பழம் பறித்தாள். எங்கள் மலை ஊர்களில் பாதிப் பெண்கள் ஒரு முறையாவது இதைச் செய்திருப்போம். எலுமிச்சைச் சாற்றின் மேல் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். புண் ஆறிய இடமெல்லாம் காப்பிக் கறை போல நின்றுவிட்டது. பல வருடம் கழித்துத்தான் அவள் என்னிடம் வந்தாள். இரவில் ஒரு களிம்பு, பகலில் வெயில் காப்பு, எப்போதாவது மென்மையான அமிலப் பூச்சு, மற்றபடி பொறுமை. அடுப்புச் சூடு ஒரு பக்கம் கெடுக்க, நான் ஒரு பக்கம் சரி செய்வேன். இடது கன்னத்துக் கறை இப்போது பால் காப்பி நிறத்துக்கு வந்திருக்கிறது. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சின்னப் பெண் மாதிரி சிரிப்பாள். நல்ல தோல் வேண்டும் என்று ஆசைப்படுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டவர் கொடுத்த முகத்தைப் பேணுவதும் ஒரு ஜெபம்தான்.

இந்த வருடம் அவள்தான் வெரோணிக்கா. சிலுவை சுமந்து போன இயேசுவின் முகத்தைத் துடைத்த பெண் வெரோணிக்கா. துடைத்த துணியில் அவர் முகம் பதிந்துவிட்டதாம். பெரிய வெள்ளி மாலை, இறந்த ஆண்டவரின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே பவனி போகும்போது, கறுப்பு உடை அணிந்த ஒருத்தி அங்கங்கே ஒரு மர ஸ்டூலில் ஏறி நிற்பாள். இலத்தீனில் தனியாகப் பாடியபடி, அந்த முகம் வரைந்த துணியைச் சுருள் பிரித்துக் காட்டுவாள். பழைய வெரோணிக்கா மகளோடு தலைநகருக்குக் குடிபோய்விட்டதால் குரல் தேடினார்கள். பாடகர் குழுவில் தூணுக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்த ஜுசாராவைப் பாதர்தான் கண்டுபிடித்தார். அவள் பாடிக் கேட்ட அன்று நான் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபிக்க மறந்து நின்றேன்.

பவனிக் குழுவின் தலைவி தோனா ஒடெட்டே; 'தோனா' என்பது எங்கள் ஊரில் பெரிய மனுஷிகளுக்குச் சேர்க்கும் மரியாதை. இந்த வருடம் மறைமாவட்டத் தொலைக்காட்சியிலிருந்து கேமரா வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. முதலில் ஜுசாராவின் தோலை அமிலம் பூசி ஆழமாக உரிக்கச் சொன்னார். "புண்ணாயிடும்மா, பெரிய வெள்ளிக்கு வெந்த தக்காளி மாதிரி நிப்பா" என்று மறுத்துவிட்டேன். இப்போது படப்பிடிப்புக்காரர்கள் போடும் தடித்த பூச்சை அவரே வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரு நீளமான அட்டைக் குழாய்.

"இதையும் பாருங்க" என்று குழாயிலிருந்து புதுத் துணியை உருவி விரித்தார். "பழைய துணி முழுக்கக் கறை. கேமராவுல ஒண்ணும் விளங்காது. அதான் புதுசா அச்சடிக்கச் சொன்னேன்."

துணியில் ஆண்டவர் இருந்தார். நெற்றியில் முள் கீறல் இல்லை, கன்னத்தில் ரத்தம் இல்லை. சோப்பு விளம்பரத்தில் வருகிற பையனைப் போலப் பளபளப்பாக இருந்தது முகம்.

ஜுசாரா நாற்காலியில் சாய்ந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஏம்மா, இவரை எதுக்குத் தொடைக்கணும்? குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்காரே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோனா ஒடெட்டேக்கு வரவில்லை. துணியைச் சுருட்டினார். ஜுசாராவின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டு, மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னார்.

"பொண்ணே, தப்பா நெனைக்காத. மேலே மைரா நிக்கட்டும். நீ அவ பின்னாடி, கூட்டத்துல நின்னு பாடு. குரல் உன்னோடதுதான், யாரு இல்லேன்னா? அவ வாயை மட்டும் அசைப்பா."

மைரா அவருடைய அண்ணன் மகள். அழகான பெண், நல்ல பெண்ணும்கூட.

ஜுசாரா எழுந்து மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள். சோப்பை எடுத்து, மாவு பிசைகிற கையால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நான் காலையிலிருந்து போட்டதெல்லாம் பழுப்புத் தண்ணீராகப் போனது. சொட்டச் சொட்ட நிமிர்ந்தாள்.

"தூணுக்குப் பின்னாடி நெறைய வருஷம் நின்னுட்டேம்மா. போதும். இந்தக் கறை கொறையணும்னு மாசா மாசம் அக்காகிட்ட வர்றேன். கொறைஞ்சா எனக்குச் சந்தோஷம். கொறையிற வரைக்கும் ஒளிஞ்சிருக்கேன்னு நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல. பாடினா இந்த மூஞ்சியோட பாடுவேன். இல்லன்னா குரலையும் கடையில வாங்கிக்குங்க."

"திமிரு!" என்றார் தோனா ஒடெட்டே. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் வாயை மூடிட்டு நிக்கிற. அடுத்த வருஷம் கோயில் அலங்காரத்துக்கு நீ வர வேணாம்."

"சரிம்மா" என்றேன். "இந்த வருஷம் நான்தானே? இவ முகத்துல வெயில் காப்பைத் தவிர வேற எதையும் நான் பூசப் போறதில்ல."

என் நாக்கு நுனியில் இன்னொரு வார்த்தை இருந்தது. திங்கட்கிழமைகளில், கடை சாத்திய பிறகு, பின்வாசல் வழியாக என்னிடம் வருகிறவர் தோனா ஒடெட்டே. பிள்ளை பெற்ற காலத்தில் வந்த கருந்திட்டு அவருக்கு இரண்டு கன்னத்திலும் உண்டு. பவுடர் இல்லாத தன் முகத்தைக் கணவரே பார்த்ததில்லை என்று ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதை அந்த நேரத்தில் எடுத்துப் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் ஆண்டவர் முகத்தில் அறை வாங்கிய அந்த வாரத்தில் இன்னொரு முகத்தை அறைய எனக்கு மனம் வரவில்லை. வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த நாள் முழுக்க ஒரு சேதியும் இல்லை. ஜுசாரா ரொட்டி மாவில் உப்பை அதிகமாகப் போட்டுவிட்டதாக ஊரே பேசிக்கொண்டது. அவள் சிரித்துக்கொண்டு திரிந்தாலும், ஸ்டூலில் ஏறுவோமா மாட்டோமா என்பதைத் தவிர அவள் நெஞ்சில் வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெள்ளி மதியம் மைரா கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாயை மட்டும் அசைக்க நான் என்ன தொட்டி மீனா? அத்தைகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். கத்துறாங்க, கத்தட்டும். பழைய துணியை எடுத்துட்டு வந்திருக்கேன். அவகிட்ட குடுத்துடுங்கக்கா." சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

சாயங்காலம், அன்றைக்கு அடிக்கக் கூடாத கோயில் மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுகிற சத்தத்தோடு பவனி கிளம்பியது. இருட்ட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கறுப்பு உடையில், தலையில் மட்டும் முக்காடிட்டு, கழுவிய முகத்தோடு ஜுசாரா நடந்தாள். கூட்டத்தில் சிலர் அவளைப் பார்த்து முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். "ரொட்டிக்கடைக்காரியா? மூஞ்சியைப் பாரேன்" என்று ஒரு குரல் என் காதிலேயே விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். தாடையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். தோனா ஒடெட்டே கறுப்புப் பட்டும் சரிகை முக்காடுமாகக் குழுவின் முன்னால் போனார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் நிறுத்தம் சரிவில் இருந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, தூக்குகிற ஆள் ஒருவருக்குக் கால் பிசகியதால், சுரூபத்துக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டார். யாரோ ஸ்டூலைக் கல் பாவிய தெருவில் வைத்தார்கள். ஜுசாரா ஒரு காலைத் தூக்கி வைத்ததும் அது ஆடியது. காலை இறக்கினாள். மறுபடி வைத்தாள். மறுபடி ஆடியது. கேமரா விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. குழிகளும் கறைகளும் தெளிவாகத் தெரிந்தன. மரக்கட்டைச் சத்தம் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போகப் பார்த்தேன். முடியவில்லை.

அப்போது தோனா ஒடெட்டே திரும்பி நடந்து வந்தார். பட்டு உடையோடு அந்தக் கல் தெருவில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஸ்டூலின் கால்களை இறுகப் பிடித்தார்.

"ஏறு" என்றார்.

ஜுசாரா ஏறினாள்.

நான் அவர்களை நெருங்கியபோது பாட்டு தொடங்கிவிட்டது. இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதிக் குரல் மேலே ஏறியது. களுக்கென்று சிரித்த வாய்களெல்லாம் மூடிவிட்டன. தோனா ஒடெட்டே மூச்சு வாங்கினார். முழு எடையும் அவர் பிடியில் இருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கோடு கோடாக வழிந்து பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்க, இரண்டு கன்னத்திலும் கருந்திட்டுகள் எட்டிப் பார்த்தன. கேமரா இரண்டடி தள்ளி நின்றது. கையை எடுத்தால் ஸ்டூல் சாய்ந்துவிடும். அவர் எடுக்கவில்லை.

நான் பக்கத்தில் மண்டியிட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். அவர் கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மேலே ஜுசாராவின் கையிலிருந்து துணி மெல்லச் சுருள் பிரிந்து இறங்கத் தொடங்கியது.

தோனா ஒடெட்டே பிடியை விடாமல் முகத்தை என் பக்கம் திருப்பினார்.