மாற்றுச் சாவி

காலுறைக்குள் நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது அப்பாவின் வலது கால். விறைத்துப் போயிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"மெதுவாம்மா, அப்பாவுக்கு வலிக்கப்போகுது," என்றார் போதகர்.

"வலிக்காது பாஸ்டர். அவருக்கு எதுதான் வலிச்சுது?"

போதகர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். முன்னறை முழுக்கச் சபைக்காரர்கள். 'மனுஷன் எப்படிச் சாகணும்ங்கிறதுக்கு உங்கப்பா சாட்சி' என்று காலையிலிருந்து மூன்று பேர் அவளிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று முறையும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர், மின்சாரத்தை அணைத்து, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. பத்தொன்பது வருடத்துக்கு முன், அப்பாவின் கூட்டாளி, அவள் மாமா என்று கூப்பிடுகிறவர், குழிக்குள் இருந்தபோது லிஃப்ட் இறங்கியது. இடது கால் முழங்காலோடு போயிற்று. கூட்டாளிதான் பூட்டுப் போட மறந்துவிட்டார் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். கூட்டாளியும் அதை நம்பினார். வேலை போன பிறகும், கேட்கிறவர்களிடமெல்லாம், "என் மறதி என் காலைத் தின்னுடுச்சு" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், போதகர் ஜெபித்துவிட்டுப் போன பிறகு, அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். பூட்டுப் போட்டுத்தான் இருந்தது. மேலே அவசரப்படுத்தினார்கள் என்று மாற்றுச் சாவியால் திறந்து மின்சாரத்தைப் போட்டது அப்பாதான். கூட்டாளி ஏறி வந்துவிட்டதாக நினைத்தாராம். ஒரு குரல் கொடுத்துப் பார்க்கவில்லை. பிறகு பூட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மாமாகிட்ட சொல்லுங்கப்பா. இப்பவே ஃபோன் போட்டுத் தரேன்."

"கர்த்தர்கிட்ட சொல்லிட்டேன்மா. மன்னிச்சிட்டாரு. அப்புறம் அவன்கிட்ட எதுக்கு?"

மறுநாள் விடிகாலையில் நிம்மதியாகச் செத்துப்போனார். அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கும் தெரியும்ல பாஸ்டர்?"

போதகர் கண்ணாடியைத் துடைத்தார். "மனுஷன் பிறவியிலேயே விழுந்தவன்மா. நீயும்தான், நானும்தான். நம்மால ஏற முடியாதுன்னுதானே கர்த்தர் இறங்கி வந்து ரத்தம் சிந்தினாரு? அவர் துடைச்சுப் போட்டதை நாம ஏன் தோண்டணும்?"

"கால் போனது மாமாவுக்கு. மன்னிப்பு மட்டும் அப்பாவும் கடவுளும் ரெண்டு பேரா பேசி முடிச்சிக்கிட்டாங்களா? நல்லாருக்கு உங்க நியாயம்! எல்லாரும் பாவின்னு சொல்லிச் சொல்லியே, யாரும் எதுவும் செய்யாத மாதிரி ஆக்கிடுறீங்க."

"போய்ச் சொல்லுங்கன்னு சொன்னேன்மா. நாளைக்கு, நாளைக்குன்னாரு. நானும் வற்புறுத்தலை. அது என் தப்பு."

அவள் இன்னொரு காலுறையை எடுத்தாள்.

பத்து மணிக்குப் பெட்டியை எடுக்க ஆறு பேர் வந்தார்கள். முதல் ஆளாகக் கைப்பிடியைப் பிடித்தது கூட்டாளி மாமா. செயற்கைக் காலை அகட்டி ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் யாரோ.

"தள்ளுப்பா. என் கூட்டாளி. நான் தூக்காம யாரு தூக்குறது?" என்றவர், அவளைப் பார்த்தார். "அழும்மா, அடக்காத. அன்னைக்கு என்னைக் குழியிலேருந்து வாரித் தூக்கினது உங்கப்பாதான். நான் செஞ்ச தப்புக்கு அவன் பத்து நாள் சரியாச் சாப்பிடலை, பாவம்."

போதகர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க மறக்கலை."

"என்னம்மா?"

"பூட்டுப் போட்டுத்தான் இறங்குனீங்க. அப்பாதான் மாற்றுச் சாவி வச்சுத் திறந்தாரு. முந்தாநாள் அவர் வாயாலயே சொன்னாரு."

"இதெல்லாம் பேசுற நேரமா இது?" என்று ஒரு பெண் அதட்டினாள்.

"போட்டேன்ல?" என்றார் மாமா. "போட்டேன்தானே?"

"போட்டீங்க மாமா."

"என் பொண்டாட்டி சாகிற வரைக்கும் மறதிக்காரன்னே திட்டினா. நானும் ஆமான்னுதான் சொன்னேன்." அவர் பெட்டியை வெகுநேரம் பார்த்தார். "அடப்பாவி," என்றார்.

கைப்பிடியை விட்டுவிட்டு நடந்தார். ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது.

போதகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க விடுங்க," என்று அவள் குறுக்கே போனாள். குனிந்து, மாமா விட்டுப்போன கைப்பிடியைப் பிடித்தாள். "தூக்குங்க."

வாசலிலிருந்து வண்டிக்கு முப்பது அடி இருக்கும். அப்பா கனத்தார். இரும்புப் பிடி விரல்களை அறுத்தது. பின்னாலிருந்தவர் கை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவள் மாற்றவில்லை.