தகப்பன் தெரியாத மூவர்

1899 ஏப்ரலில், அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கியிருந்த ‘இந்தியப் பிரதேச’த்தின் மஸ்கோகி நகரில், கிரீக் என்னும் பூர்வகுடி மக்களின் பொது நிலத்தை ஆளுக்கு நூற்று அறுபது ஏக்கராகப் பிரித்துப் பதிய ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து அந்த வேலையாக ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தா கூடாரத்தோடு, மஹாலி என்ற கிரீக் பெண்ணின் ஊருக்கே வந்தான். ஊர் சேர்ந்து உழுது விதைத்த ஆற்றோர மக்காச்சோள வயல் அவனுடைய வரைபடத்தில் கட்டம்கட்டமாகக் கிடந்தது. கடவுளுக்கு ஆறு நாள் பிடித்த வேலையை அவன் ஓர் அடிக்கோலை வைத்து அரை மணியில் முடித்திருந்தான். பெயரே கொடுக்காவிட்டால் வயலை யாருக்கென்று பிரிப்பார்கள் என்பது ஊரின் எண்ணம்.

மொழிபெயர்க்க எல்லிஸ் இருந்தான். உள்ளூர்க்காரன்தான், தொப்பி மாட்டிய நாளிலிருந்து சொந்த பாஷையை மூக்கால் பேசினான்.

“உன் உடம்புல கிரீக் ரத்தம் எவ்வளவுன்னு தொரை கேக்குறாரு, சித்தி.”

“குதிரை வாங்க வர்றவன்கூடப் பல்லைப் பாத்துட்டு விட்டுடுவான். உன் தொரை என்ன அட்டைப்பூச்சியா?” என்றாள் மஹாலி.

எல்லிஸ் அதை ‘முழு ரத்தம்’ என்று மொழிபெயர்த்தான்.

“பேரு?”

“ஏன்டா, என் வீட்டுக் கஞ்சியக் குடிச்சு வளந்தவனுக்கு என் பேரு தெரியாதா? தெரிஞ்சாலும் சொல்லித் தொலைக்காதே.”

குமாஸ்தா அவள் கணவன் நோக்கோஸ் பக்கம் திரும்பினான். நோக்கோஸுக்குப் பொய் வராது.

“பின்னால நிக்கிற மூணும் உன் பிள்ளைகளா?”

“இல்லீங்க.”

“பின்ன யாரோடது?”

“அவங்கம்மாவோடது. அதுங்க காத்துக் குலம், நான் கரடி. எதுன்னாலும் அதுங்க மாமனக் கேளுங்க.”

பிள்ளை தாயின் குலம் என்பது அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். குமாஸ்தா படித்த கல்லூரியில் அது பாடத்தில் இல்லை போலும். ஒழுக்கம்கெட்ட ஜனங்கள் என்று சிரித்துவிட்டு, ‘தகப்பன் தெரியாது’ என்று மூன்று முறை எழுதினான். எல்லிஸ் தொண்டையைச் செருமினான், திருத்தவில்லை.

“என்னடா எழுதுறான்?”

“ஒண்ணுமில்ல சித்தி. வழக்கமா எழுதுறதுதான்.”

ஊரார் போனபின் எல்லாருடைய பெயரையும் எல்லிஸே கொடுத்தான். இலையுதிர் காலத்தில் பத்திரங்கள் தபாலில் வந்தன. மஹாலி பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். அவளுக்கும் நோக்கோஸுக்கும் மேட்டுக் கல்நிலம் பதிவாகியிருந்தது. ஆற்றோர வயல் பிள்ளைகள் மூவர் பெயரில். சிறுவர்களின் நிலத்துக்குக் காப்பாளர் வேண்டுமென்று நீதிமன்றம் கூப்பிட்டது; அதன் படியை மிதிக்க மஹாலி மறுத்தாள். தகப்பனில்லாத பிள்ளைகள் என்பதால் நீதிபதி ஒரு மளிகைக் கடைக்காரனைக் காப்பாளனாக நியமித்தார். பிள்ளைகளை அவன் பார்த்ததே இல்லை. அவன் வயலைப் பருத்திக்குக் குத்தகை விட்டான். மார்ச் மாதம் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள்.