யாரும் போடாத கோடு

சனிக்கிழமை மதியம், அக்காவும் தங்கையும் வேலை செய்யும் மரப் பட்டறையின் ரம்பங்கள் ஓய்ந்த பிறகு, கணக்குப் பார்க்கும் தங்கை கிராஃப் தாளில் அந்த வாரத்துக்கான புள்ளியை வைத்தாள். நாற்காலி முப்பது, அலமாரி பதினெட்டு. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தாளின் மேல் கிடந்த ஸ்கேலை ஒதுக்கப் போனவளின் கை அப்படியே நின்றது. நான்கு வாரத்துப் புள்ளிகளும் ஸ்கேலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பியில் உட்கார்ந்த குருவிகள்போல, ஒன்றுகூட விலகாமல்.

அந்த இடத்தில் அவள் எந்தக் கோடும் போட்டதில்லை.

அவள் போட்ட கோடுகள் இரண்டே இரண்டு. பட்டறையில் செய்வதும் இரண்டே சாமான்தான் என்பதால் கணக்கு ஒரு கிராஃப் தாளுக்குள் அடங்கிவிடும். படுத்திருக்கும் அச்சில் நாற்காலிகள், நிமிர்ந்து நிற்கும் அச்சில் அலமாரிகள். அப்படியென்றால் தாளிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாரம். நடந்த வாரமாக இருக்கலாம், நடக்கக்கூடிய வாரமாக இருக்கலாம், நடக்கவே முடியாத வாரமாகவும் இருக்கலாம். எது நடக்கும், எது நடக்காது என்று பிரிப்பதுதான் கோட்டின் வேலை. வாரத்துக்கு நூற்றைம்பது பலகை வருகிறது. நாற்காலிக்கு ஒரு பலகை, அலமாரிக்கு ஐந்து. எல்லாப் பலகையையும் அலமாரிக்கே கொடுத்தால் முப்பது அலமாரி, நாற்காலிக்கே கொடுத்தால் நூற்றைம்பது நாற்காலி. இந்த இரண்டு இடங்களையும் இணைத்தால் மரத்தின் கோடு. அதைத் தாண்டிய வாரங்களுக்கு மரம் போதாது. தச்சர்களின் நேரம் இன்னொரு கோடு: நாற்காலிக்கு இரண்டு மணி, அலமாரிக்கு நான்கு, எல்லோரிடமும் சேர்த்து இருப்பது நூற்றெண்பது மணி. இரண்டு கோட்டுக்கும் உள்ளே இருக்கும் இடத்தை அவள் மஞ்சள் பென்சிலால் தீட்டியிருந்தாள். இந்தப் பட்டறையால் முடிகிற வாரங்கள் எல்லாம் அந்த மஞ்சளுக்குள்.

அவற்றில் சிறந்த வாரத்தைக் கண்டுபிடிக்கும் விதம்தான் அவளுக்கு இன்னும் அலுக்காத வேடிக்கை. ஓர் அலமாரி தரும் லாபம் நான்கு நாற்காலி தரும் லாபத்துக்குச் சமம். அந்தச் சாய்வில் ஸ்கேலை வைத்து, சாய்வு மாறாமல், மெல்ல வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். தள்ளத் தள்ள லாபம் கூடும். ஸ்கேல் மஞ்சளை விட்டுக் கழன்று போகப்போகும் கடைசி நொடியில் எந்த மூலை அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதுதான் விடை. நடுவில் எங்கேயும் தேட வேண்டியதில்லை, மூலைகளை மட்டும் பார்த்தால் போதும். ஐம்பது நாற்காலி, இருபது அலமாரி. மரமும் மிஞ்சாது, நேரமும் மிஞ்சாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அவள் முதலாளிக்குச் செய்து காட்டியபோது அவர் ஸ்கேலை வாங்கித் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் கணக்கம்மா.

ஆனால் பட்டறை அந்த மூலைக்குப் போய்ச் சேரவே இல்லை. கடைகள் கேட்பதற்கேற்ப ஒரு வாரம் நாற்காலி கூடும், ஒரு வாரம் அலமாரி கூடும். எப்படிக் கூடினாலும் சனிக்கிழமைப் புள்ளி எல்லைக்கு வெகு முன்பே, மஞ்சளின் நடுவிலேயே நின்றுவிடும். அவள் எண்களை எழுதிப் பார்த்தாள். நாற்காலிகளோடு அலமாரிகளின் மூன்று மடங்கைக் கூட்டினால் எண்பத்து நான்கு. முதல் வாரம் எண்பத்து நான்கு. இரண்டாவது வாரமும் அதே. நான்கிலும் அதேதான்.

தச்சு மேஸ்திரி கை கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

"மேஸ்திரி, போன வாரம் ஏன் குறைஞ்சுது?"

"கீல் வரலையேம்மா. நீதானே ஆள் மேல ஆள் அனுப்பின?"

"அதுக்கு முன்னாடி வாரம்?"

"மழை. பசை காயல."

"இந்த வாரம்?"

"கரண்ட் ரெண்டு நாள் கண்ணாமூச்சி ஆடிச்சு. என்ன கணக்கம்மா, போலீஸ் மாதிரி கேக்கற? நான் பலகையத் தின்னுட்டேன்னு நெனைக்கறியா? பல்லு கூட ஒழுங்கா இல்ல எனக்கு."

சிரித்தாள். அவர் போனதும் சிரிப்பு போய்விட்டது. மழைக்கும் மின்சாரத்துக்கும் கீலுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் கிடையாது. தனித்தனியாக வந்த தடங்கல்கள் வாரத்தை ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்றால், அவை எல்லாவற்றுக்கும் அந்தக் கோடு எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நாற்பத்தைந்து நாற்காலி, பன்னிரண்டு அலமாரி. கூட்டினால் எண்பத்தொன்று. அதற்கடுத்த வாரம் எழுபத்தெட்டு. அதே சாய்வில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால், வாரத்துக்குச் சரியாக மூன்று குறைந்திருந்தது. கோடு, கதவைச் சாத்துகிற மாதிரி, உள்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஒரு கோட்டின் சாய்வு சும்மா வருவதில்லை. எந்தப் பொருள் தீர்கிறதோ, அது ஒவ்வொரு சாமானுக்கும் எவ்வளவு செலவாகிறது என்பதைத்தான் சாய்வு சொல்லும். இந்தக் கோடு சொல்வது இது: இங்கே ஏதோ ஒன்று நாற்காலிக்கு ஒரு பங்கும் அலமாரிக்கு மூன்று பங்குமாகச் செலவாகிறது, அது குறைந்துகொண்டும் வருகிறது. தங்கை பட்டறை முழுவதும் அந்த ஒன்றுக்கு மூன்றைத் தேடினாள். ஆணி இல்லை. பசை இல்லை. உப்புத்தாள் இல்லை. பாலிஷ் ஏறத்தாழப் பொருந்தியது, ஆனால் டப்பாக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. பொதுவாக எந்த இடத்தில் வேலை முட்டுகிறதோ அந்த இடத்தின் வாசலில் முடியாத சாமான் குவியும். அதைப் பார்த்தே தடையைச் சொல்லிவிடலாம். இங்கே எந்த வாசலிலும் எதுவும் குவியவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மெதுவாக இருந்தார்கள். அவ்வளவுதான்.

பட்டறையின் கடைசியில் பாலிஷ் அறை. அங்கே வேலை செய்வது அவளுடைய அக்கா. முதன்முதலில் தாளில் கோடு போட்டபோது பாலிஷுக்கும் ஒன்று போட வேண்டாமா என்று தங்கை கேட்டதற்கு, "மத்தவங்களுக்குப் போடு. நீ எத்தனை அனுப்பினாலும் நான் முடிச்சுத் தருவேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அது உண்மையாகவும் இருந்தது. பட்டறையில் யாரும் அக்காவுக்காகக் காத்திருந்ததில்லை. அதனால் அந்தக் கோடு தாளில் ஏறவே இல்லை.

கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. கம்ப்ரஸர் உறுமியது. அக்கா ஒரு நாற்காலியின் முன் குந்தியிருந்தாள், முகமூடி சங்கிலிபோலக் கழுத்தில் தொங்கியது. ஸ்ப்ரே கன்னின் விசையை அழுத்துமுன் மூச்சை இழுத்துப் பிடித்தாள். கை ஒரே சீராக முதுகுப்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது. விசையை விட்ட பிறகே மூச்சை விட்டாள். மறுபடி இழுத்து, பிடித்து, அடித்தாள். பூச்சு வழியாமல், திட்டாகாமல், கண்ணாடி மாதிரி விழுவதற்கு அவள் பழகிக்கொண்ட வழி அது. தங்கை வாசலிலேயே நின்று எண்ணினாள். நாற்காலி முடிந்து ஓர் அலமாரி வந்தது. அதையும் எண்ணினாள்.

"என்னடி, சிலை மாதிரி நிக்கற?"

"நாற்காலிக்குப் பன்னெண்டு. அலமாரிக்கு முப்பத்தாறு."

"என்னது?"

"நீ மூச்சப் பிடிக்கறது."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது, அதை மறுபடியும் சிரிப்பாக்கப் பார்த்தாள், முடியவில்லை. அலமாரியின் பூசாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மூச்சு என்ன பலகையாடி, எண்ணி வாங்கி எண்ணிச் செலவு பண்ண?"

"அக்கா, உன் வாசல்ல ஏன் எதுவுமே குவியறதில்ல?"

"நான் சுறுசுறுப்பு. உன்ன மாதிரி பென்சில் கடிச்சுட்டா உக்காந்திருக்கேன்?"

அக்கா கம்ப்ரஸரை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் அவள் மார்புக்குள் ஏதோ மெல்லிய விசில்போலக் கேட்டது.

"நானும் அதப் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "இதுக்கு மேல இன்னொண்ணு வந்தா தாங்காதுன்னு மனசுல நெனைப்பேன். வாயத் தொறந்து சொல்லமாட்டேன். அப்ப அங்க ரம்பம் நிக்கும். இல்ல கரண்ட் போகும். யாராச்சும் எதையாச்சும் கீழ போட்டு ஒடைப்பாங்க. மொதல்ல, சரி, நம்ம அதிர்ஷ்டம்னு இருந்தேன். இப்ப பயமா இருக்குடி. நெனைக்கவே பயமா இருக்கு."

அந்த வாரம் எழுபத்தைந்து.

அதே சனிக்கிழமை முதலாளி ஒரு பெரிய ஓட்டலின் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கணக்கம்மா, உன் மூலையத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். வாரம் அம்பது நாற்காலி, இருபது அலமாரி. தாள்ல முடியும்னா தரையில முடியாதா?" அவர் விரல் வைத்த இடத்தை அவள் பார்த்தாள். இன்றிருக்கிற கோட்டிலிருந்து அது தொலைதூரம். யாராவது அக்காவின் வாசலில் அத்தனையையும் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தபோது, அவளுக்கும் நினைப்பதற்கே பயமாக இருந்தது.

டாக்டர் அக்காவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார், பிறகு இன்னொரு முறை ஊதச் சொன்னார். பாலிஷ் புகை நுரையீரலைப் பிடித்திருக்கிறது, உடனே விலக வேண்டும், விலகினால் அதோடு நிற்கலாம், நிற்காமல் போகவும் வாய்ப்புண்டு என்றார். எப்போது தெரியும் என்று தங்கை கேட்டாள். "மெதுவாத்தான் தெரியும்" என்றார் அவர். சனிக்கிழமைப் புள்ளியைப் பார்த்தே தனக்கு அதைவிடச் சீக்கிரமாகத் தெரிந்துவிடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

அக்கா வீட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை. "ஒரு வாரம் உக்காந்தா அப்புறம் என் எடத்துல இன்னொருத்தன் உக்காந்துடுவான். அப்புறம் நான் சுவத்தப் பாத்துட்டு இருக்கணுமா?" என்று கத்தினாள், கத்தி முடிப்பதற்குள் மூச்சு போதாமல் உட்கார்ந்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

மாற்று ஆள் திங்கட்கிழமை வந்தார். கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, நல்ல முகமூடி, வேகமான கை. மேஸ்திரி அவருக்குப் பார்த்தவுடன் பயில்வான் என்று பெயர் வைத்தார். தங்கைக்கு நெஞ்சு லேசாயிற்று. அக்கா பட்டறையில் இல்லை. இனி அந்தக் கோட்டுக்கு இங்கே வேலையில்லை. புள்ளி எல்லைவரை ஓடும், முதலாளியும் சந்தோஷப்படுவார்.

செவ்வாய்க்கிழமை பெரிய ரம்பத்தின் மோட்டார் கருகியது. சரியாகி வந்த அன்று இரண்டு தச்சர்களுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை பயில்வான் பாலிஷ் அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேலையே வரலையேம்மா" என்றார். "உள்ள காத்து கூட நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க எல்லாரும் என்ன, யாரையோ எழுப்பிடக் கூடாதுன்னு நடக்கற மாதிரி நடக்கறாங்க?"

தங்கை திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி ஒரு பலகையைத் தூக்கி, நிதானமாக, சத்தமே வராமல் மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவள் எண்களை வாங்கித் தன் மேசைக்கு வந்தாள். நாற்காலி நாற்பத்தைந்து. அலமாரி பத்து. கூட்டிப் பார்க்க விரல் ஓடவில்லை. தெரிந்துவிடும் என்று நினைத்தது இப்போது கையில் இருந்தது. எழுபத்திரண்டு என்றால் கோடு வழக்கம்போல இன்னும் உள்ளே வந்திருக்கிறது, அக்காவை வெளியே எடுத்தும் பயனில்லை. அவள் பென்சிலால் அல்ல, ஸ்கேலால் பார்த்தாள். போன வாரத்துக் கோட்டின் மேல் வைத்தாள். புதிய புள்ளி ஸ்கேலின் ஓரத்தில் நின்றது. எழுபத்தைந்து.

நகரவில்லை.

அவள் வாய்விட்டுச் சிரிக்கப் போய், கையால் பொத்திக்கொண்டாள். பட்டறையில் அக்கா இல்லை. ஆனாலும் பட்டறை முழுவதும், மரமும் மோட்டாரும் காய்ச்சலும் உட்பட, எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் அவளுடைய மூச்சுக்குள்தான் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அந்த மூச்சு இந்த வாரம் குறையவில்லை. இதில் எதற்கு அழுவது, எதற்கு நடுங்குவது என்று பிரிக்கத் தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முதலாளி தாளைக் கொண்டுவரச் சொல்லிக் கை அசைத்தார். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டில் அக்காவைக் காணவில்லை. மாடிக் கதவு திறந்திருந்தது. கடைசிப் படியில் தங்கை நின்றாள். வெயிலில் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், கொடியின் பாதிவரை வந்திருந்தாள். குனிந்து, வாளியிலிருந்து ஒரு பெரிய போர்வையை எடுத்து, உதறிக் கொடியின்மேல் வீசத் தலைக்கு மேலே கைகளைத் தூக்கினாள். தூக்கிய கைகள் அப்படியே நின்றன. கீழே தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஓர் எந்திரம் நின்றது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை நின்றது. ஈரப் போர்வை காற்றில் உப்பி, அக்காவின் உடம்பை மறைத்து, மெல்லத் தணிந்து, மறுபடி உப்பியது. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கைகளையே பார்த்தபடி நின்றாள்.