பக்கத்துக் கட்டில் சரசம்மா

தங்கமணி வலிக்கிறதென்று யாரிடமும் சொல்லவேயில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி பதில் போட்டிருந்தது.

வேலை பார்த்த ஃபேக்டரியின் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தவள் அவள். மாவுக்கட்டை இறுக்கிப் போட்டுவிட்டார்கள். விரல்கள் நீலம் பாரித்தன. "கட்டு போட்டா வலிக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போன நர்ஸ் டாக்டரைக் கூப்பிடவேயில்லை. கட்டைப் பிரித்தபோது மூன்று விரல்கள் செத்துப்போயிருந்தன. எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டால், மருத்துவமனைக்காக நஷ்டஈடு தர வேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனி இப்படிச் சொல்கிறது.

"நான் கத்துனது வார்டுக்கே கேட்டுச்சுடா!" என்று தம்பி அசோக்குமாரிடம் குமுறினாள். சட்டென்று எழுந்து நின்றாள். "டேய், பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்களே, சரசம்மான்னு! மாடு முட்டி இடுப்பு ஒடிஞ்சு வந்தவங்க. கன்னடக்காரங்க."

"எந்த ஊருக்கா?"

"பாகலூர் தாண்டி, பார்டருக்கு அந்தப் பக்கம்னாங்க. அவ்வளவுதான் தெரியும்."

"அது போதும். வண்டில ஏறு."

எல்லை தாண்டி, ஊர் ஊராகப் பால் சொசைட்டி வாசலில் நின்று விசாரித்தார்கள். நான்கு ஊர்களில் உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாவது ஊரில் "மாடு முட்டின சரசம்மா" என்றதும் கூட்டமே சிரித்தது. ஆளாளுக்கு ஒரே தெருவைக் கை காட்டினார்கள். தங்கமணி தம்பிக்கு முன்னால் அந்தத் தெருவுக்கு நடந்தாள்.

சரசம்மா விந்தி விந்தி வந்து அவள் கையைப் பிடித்தாள். விரல்கள் இல்லாத இடத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. தங்கமணி வழக்கைப் பற்றிச் சொன்னாள்.

"அய்யோ மகளே! கோர்ட்டுக்கு நானு வர்றேன். நீ கூப்பிடலேன்னாலும் வர்றேன்."

விசாரணை நாளன்று அவள் கன்னடத்தில் வாயைத் திறந்ததும் கம்பெனி வக்கீல் எழுந்தார். "தமிழ்ல சொல்லச் சொல்லுங்க."

"எனக்குக் கன்னடம் தெரியும். நீங்க சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதியான கோர்ட்டுத் தலைவர்.

சரசம்மா கொட்டித் தீர்த்தாள். தங்கமணி கதறியது, தான் எழ முடியாமல் டம்ளரால் கட்டிலைத் தட்டித் தட்டி நர்ஸைக் கூப்பிட்டது, வந்த நர்ஸ் தன்னையும் சும்மா இருக்கச் சொல்லி அதட்டியது எல்லாம்.

"நீங்களே வலியில இருந்தவங்க. இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று மடக்கினார் வக்கீல்.

சரசம்மா அவருக்காகத் தமிழுக்கு மாறினாள். "என் இடுப்பு நோவு மறந்துபோச்சு சாமி. இவ அழுத அழுகைதான் இன்னும் காதுல இருக்குது."



அடுத்த வாய்தாவில், அலட்சியத்தை இனி மறுக்கவில்லை, நஷ்டஈடு தருகிறோம் என்று கம்பெனி இறங்கி வந்தது. நோயாளி வலியால் பலமுறை கதறியும் கவனிக்கப்படவில்லை என்று தலைவர் தீர்ப்பில் வாசித்தபோது, தங்கமணி தம்பியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சரசம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

"பசிக்குதுடா அசோக்கு" என்றாள். "நல்ல கடையாப் பாரு. மூணு பேரும் வயிறார சாப்பிடணும்."