வசனம் பேசிய மண்டோர்

தொண்டையில் கட்டியை எடுத்த பிறகு என் குரல் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டது. மலேசியாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருபது வருடம் திருவிழா நாடகம் போட்டு ஜனங்களைச் சிரிக்க வைத்தவள் நான், நீலாவதி. எங்கள் குழுத் தலைவர் ராமகிருஷ்ணன் ஒரே வாரத்தில் என்னைக் கழற்றிவிட்டார்.

"குரல் போச்சுன்னா காமெடியும் போச்சு லா, நீலா. வூட்டுல ரெஸ்ட் எடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்பு என் தொண்டையிலா இருந்தது? ஒருவேளை அங்கேதான் இருந்ததோ என்று பயமாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு ஃபெலிசியாவிடம் நல்ல கைப்பேசி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊமைப்படம் எடுக்கத் துணிந்தோம். நூறு வருடத்துக்கு முன்னால் ஊர் உலகத்துக்கே பித்துப் பிடிக்க வைத்த ஆட்டம் சார்ல்ஸ்டன். முட்டி இரண்டும் உள்ளே, குதிகால் வெளியே. எங்கள் படத்தில், வெள்ளைக்காரத் துரை பங்களா ஜன்னல் வழியாக அதை எட்டிப் பார்த்த, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற ஒருத்திக்கு ஆட்டம் தொற்றிக்கொள்கிறது. மரத்தடியிலும் ஆடுகிறாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்திலும் ஆடுகிறாள். அவள்தான் நான்.

அவளை அதட்டும் மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி, வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. வேஷம் என்றால் ராமகிருஷ்ணனுக்குச் சோறுகூட வேண்டாம், அவரே வந்து நின்றார். ஊமைப்படம் என்று படித்துப் படித்துச் சொன்னோம். மனுஷன் கேமராவைப் பார்த்ததும் மார்பைத் தட்டி, கையை வீசி, ஒரு நிமிடம் முழுக்க வசனம் பேசித் தீர்த்தார். ஃபெலிசியா நிறுத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்து மண்டபத்தில் படம் போட்டோம். முதல் காட்சிக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அப்புறம் மண்டோர் வந்தார். சத்தமே இல்லாமல் வாயை அசைத்தார், அசைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் நான் ஆடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் திரையில் எழுத்து வந்தது: 'மண்டோர் சொன்னார்: ஆடாதே.'

மண்டபமே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். ராமகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைய வெச்சு செஞ்சிட்டியே லா!" என்றார்.

மேடைக்குக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார்கள். அதைத் தள்ளிவிட்டு முட்டியைத் தட்டி ஆடினேன். சேலை கட்டிய பெண்களும் தொப்பை வைத்த ஆண்களும் எழுந்து கூடவே ஆடினார்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

வாசலில் எத்தனையோ பேர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒருத்தரும் என் தொண்டையைப் பற்றிக் கேட்கவில்லை.