முள் நிற்கவில்லை

விடியும் முன்பே மருதையன் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, சாலை நடுவில் குந்தி, இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பினான். குழிக்குள் சேறும் ஒரு தவளையும். முழங்கை வரை கையை விட்டுச் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, வால்வைத் திருகும் ஆள் உயரச் சாவியை உள்ளே இறக்கினான். சாவியின் தலையில் இருபுறமும் நீண்ட பிடி. ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்ற வேண்டியது. கூட நின்ற ஆளைக் காண்டிராக்டர் போன வருஷமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு பிடியை மார்பால் தள்ளி, மறு பிடியைக் கையால் இழுத்து, மருதையன் தனியே சுற்றினான். துரு கிறீச்சிட்டது. மண்ணுக்கடியில் தண்ணீர் புறப்பட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன பிறகும் குழாய்கள் அதேதான். நகராட்சி அலுவலகத்துக்கும் ஊர் வாயில் அவர்கள் வைத்த 'மேரி' என்ற பெயர்தான். தண்ணீர் விடுவதும் பழுது பார்ப்பதும் காண்டிராக்டர் தெட்சிணாமூர்த்தியின் பொறுப்பு.

மருதையனை அறியாதவர் ஊரில் இல்லை. அவனோடு பேசத்தான் ஆள் இல்லை. ஒரு தெருவுக்குத் திறந்தால் அடுத்த தெரு ஏசும். கல்யாணத்துக்கு அழைப்பவர்கள்கூட அன்றைக்குக் கூடுதலாகத் தண்ணீர் விடச் சொல்லத்தான் அழைப்பார்கள். அவன் போய்ச் சாப்பிட்டதில்லை.

அன்று பம்புக் கொட்டகையில் காண்டிராக்டர் காத்திருந்தார். எஞ்சின் ஓட்டும் கமாலுதீன் எண்ணெய்க் கந்தலோடு ஓரமாக நின்றார்.

"தொட்டி நெறைய ஏத்துறோம். கடைசித் தெருவுக்குச் சொட்டு போகலேங்குறாங்க. நடுவுல எவன் குடிக்கிறான்?"

"தெரியலைங்க" என்றான் மருதையன்.

"சாவி உன் கையில. ஓட்டல்காரனுக்கு வித்துட்டுத் தெரியலைங்கிறியா? கணக்கு பொய் சொல்லாது. சேதம் நிக்கிற வரைக்கும் எல்லாருக்கும் அரைக்கூலி. இந்த வாரத்துல நிக்கலேன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடு."

"எனக்குமாங்க?" என்றார் கமாலுதீன். "நான் குடிக்கிறதெல்லாம் எஞ்சின் புகைதானே."

காண்டிராக்டர் கார் ஏறினார்.

கடலோரத்துக் கடைசித் தெருவில் மீன்காரி காசியம்மா வழிமறித்தாள். "வாங்க தண்ணிக்காரரே. மேலத்தெருவுக்கு மட்டும் தண்ணி கொட்டுதே, அங்க எத்தனை காப்பி குடிச்சீங்க?"

மருதையன் தெருக்குழாயைக் காட்டினான். முறை பிடிக்க இரவே குடத்தை வைத்து, குழாயையும் திறந்து விட்டுப் போவது எல்லாத் தெருவிலும் வழக்கம். விடியலில் தண்ணீர் வந்து பித்தளையில் விழும் சத்தம்தான் குடத்துக்காரியை எழுப்பும். அவள் எழுந்து வருவதற்குள் குடம் வழிந்து சாக்கடைக்கு ஓடும்.

"ஊரு முச்சூடும் இப்படித் தெறந்து கெடந்தா கடைசிக்கு எப்படிம்மா வரும்?"

"அப்ப பழி எங்க மேலயா?"

"பாதி அப்படித்தான். மீதி எங்க போவுதுன்னு பாக்கணும். ஒரு நாளு எல்லாக் குழாயையும் மூடி வைங்க. எஞ்சினை நிறுத்திட்டு நான் தண்ணியைத் தெறக்கிறேன். குழாயெல்லாம் நெறஞ்சதும் தொட்டி முள்ளு நின்னுடணும். நிக்கலேன்னா மண்ணுக்குள்ள ஓடுதுன்னு அர்த்தம்."

தொட்டியின் வெளிப்பலகையில் அந்த இரும்பு முள் உண்டு. உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே முள் ஏறும்.

"மேலத்தெருக்காரி மூடுவாளா?"

"நான் கேட்டாக் கதவைச் சாத்துவாங்க."

"என்னையும் மீன் நாத்தம்பாளுவ. ஆனா கொழம்பு வைக்கணும்ல? கதவு தெறக்கும்."

மீன் கூடையோடு அந்தப் பேச்சு தெருத்தெருவாகப் போனது. பள்ளிவாசல் தெரு ஜொஹரா, "எங்க தெருவுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் கமாலுதீன் எஞ்சினை நிறுத்தினார். மருதையன் சாவியைச் சுற்றிவிட்டுத் தெருக்களில் நடந்தான். எந்தக் குடமும் ஒலிக்கவில்லை. ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு பெண், மூடிய குழாயின் மேல் கை வைத்து நின்றாள். ஒருத்தி அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். தான் நடக்கும் இருட்டில் இத்தனை மனிதர்களை அவன் பார்த்ததே இல்லை.

அவன் தொட்டியடிக்குத் திரும்பியபோது கூட்டம் அண்ணாந்து நின்றது. முள் ஏறியது. குழாய்கள் நிரம்ப நிரம்ப வேகம் குறைந்தது.

முள் நிற்கவில்லை.

செய்தி கேட்டுக் கார் வந்தது. "எவளோ தெறந்து விட்டிருப்பா" என்றார் காண்டிராக்டர்.

"வாங்க முதலாளி, தெருத்தெருவாக் காட்டுறேன். கூடையைத் தூக்கிக்கிறீங்களா?" என்றாள் காசியம்மா.

"வாய்க்காலுக்கு அடியில போற குழாயைத் தோண்டிப் பாருங்க" என்றார் கமாலுதீன். "போன வருஷம் மாத்தியாச்சுன்னு நீங்க கணக்கு எழுதின குழாய்தானே?"

காண்டிராக்டர் மருதையன் பக்கம் திரும்பினார். "சாவியைக் கீழ வை. இன்னியோட உனக்கு வேலை இல்லை."

"அவரு இல்லேன்னா எஞ்சினும் ஓடாதுங்க" என்றார் கமாலுதீன்.

"ஊரு தண்ணியில்லாமச் சாகட்டும்."

"எங்களுக்குப் பழக்கம்தான்" என்றாள் காசியம்மா. "மேலத்தெருவும் கொஞ்ச நாள் பழகிக்கும். மேரி ஆபீசுக்கு எல்லாரும் ஒண்ணாப் போறோம். அங்க வந்து சொல்லுங்க."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வாய்க்காலைத் தோண்டுவார்களா, அரைக்கூலி முழுக்கூலியாகுமா, யாருக்கும் தெரியாது. முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"மூடணும். வீணாப் போவுது" என்று சொல்லிக்கொண்டே மருதையன் குழியில் சாவியை இறக்கினான். வழக்கம்போலப் பிடியில் மார்பைக் கொடுத்துத் தள்ளினான். சட்டென்று சாவி லேசானது. நிமிர்ந்தான். மறு பிடியில் காசியம்மாவின் கைகள்.

"எந்தப் பக்கம்யா சுத்தணும்?" என்றாள்.